முப்பது செக்கன் திமிங்கிலம்

நிலாவெளி ஹோட்டல்காரருக்குத் திமிங்கிலம் வேண்டும்,
முப்பது செக்கனுக்கு,
வெள்ளிக்கிழமைக்குள்.
"பெரிசா, சோகமா, கொஞ்சம் அன்பா" என்றார் நிஸ்தார்.
முற்பணம் ஐயாயிரம்.

டைக் வீதியில், வலைக்கடைக்கு மேலே என் அறை.
கொழும்பில் யாரோ கைவிட்ட சிந்தசைசர்.
ஒரு குமிழ் இல்லை; அந்த இடத்தில்
பேனா மூடி செருகியிருக்கிறேன்.
அதுதான் கட்-ஓஃப்.

சைன் அலையில் தொடங்கினேன்.
சைன் அலைக்கு முகமில்லை.
கடையில் வாங்கிய புதுத் தட்டு,
யாரும் அதில் சாப்பிட்ட அடையாளம் கிடையாது.
இரண்டாவது ஒஸிலேற்றரை
மூன்று சென்ட் தள்ளி வைத்தேன்.
நெருங்கி, விலகி, பிறகும் நெருங்கி
மூதூர்ப் படகு துறையில் கட்டுண்டு அசைவதுபோல
ஓர் ஆட்டம் வந்தது.
ரம்பப்பல் அலையைக் கலந்தேன்,
கூடிப்போயிற்று; சீனக்குடா ஆலையின் சங்கு.
பேனா மூடியை இடப்பக்கம் திருப்பத் திருப்பப்
பற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து
ஈறு மட்டும் பாடியது.

அட்டாக் இரண்டு செக்கன், ரிலீஸ் ஆறு.
நடுவே எல்எஃப்ஓ, சோம்பலாய்.
நிஸ்தாருக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.
"இதுதான் மிஸ், அச்சு அசல்."
அவர் கேட்டதில்லை. நானும்தான்.
திருகோணமலையில் பிறந்து
முப்பத்துநாலு வருடமாய்
கடலின் மேற்பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.

புவிதரன் கேட்டிருக்கிறான்.
சல்லிக்காரன், கடலட்டைக்கு முங்குகிறவன்.
நைலோன் கயிறு வாங்க வந்தவனை
மேலே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
கண்ணை மூடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே காட்போட் மட்டை தின்னும்
புள்ளிமானைப் பார்த்தபடியே கேட்டான்.

"இது அழுகிற ஆள்.
நம்மட கடலில இருக்கிறது தட்டுற ஆள்."
தட்டுற?
விரல் மடக்கி மேசையில் காட்டினான்,
டக். டக். டக்டக்.
"காதில இல்ல, இங்க" என்று நெஞ்செலும்பைத் தொட்டான்.
"ஆர் வீட்டுக் கதவெண்டு தெரியாம
எல்லாக் கதவையும் தட்டுற மாதிரி."

சோகத்தை அழித்தேன்.
அலையே வேண்டாமென்று வெறும் இரைச்சலை எடுத்தேன்:
அட்டாக் பூச்சியம், சஸ்டெயின் பூச்சியம்,
டிகே ஏழு மில்லிசெக்கன்.
முதலில் அது கந்தோர்த் தட்டச்சு.
ரெசனன்ஸைக் கூட்டினேன், சிரட்டை.
அதன் அடியில்
நாற்பது ஹேர்ட்ஸில் ஒரு சைன்,
இமை விழுந்தெழும் நேரத்துக்கு மட்டும்.
அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பில்
உள்ளங்கையை வைத்தான்.
கீழே கடைக்காரர் கயிறு அளந்து முடித்துக் கூப்பிட்டார்.
கையை எடுக்கவில்லை.

பிறகு சொன்னான்:
"மூச்செடுக்க மறந்திட்டீங்க."
என்ன?
"எவ்வளவு நேரமாத் தட்டிக்கொண்டே கிடக்கு.
அதுக்கும் மேல வரணும்.
வரேக்க ஒண்டும் பேசாது."
படியில் இடது காலைச் சற்று இழுத்து இறங்கினான்.
ஒருமுறை
அவசரமாய் மேலே வந்த கால்.

பதினோராவது செக்கனில் வெட்டி
ஒன்பது செக்கன் வெறுமை வைத்தேன்.
வெறுமைக்கு இந்தப் பெட்டியில் குமிழ் இல்லை.
ஆனாலும் அதைத்தான் அதிக நேரம் செதுக்கினேன்,
கடைசித் தட்டின் வாலை எங்கே விடுவது,
அறையின் மின்விசிறி அதில் எவ்வளவு வரலாம்,
திரும்பி வரும் முதல் தட்டு
எத்தனை மெல்லியதாய் இருந்தால்
நனைந்திருக்கும் என்று.
இரவு இரண்டு மணி.
சேமிக்கப் பெயர் கேட்டது பெட்டி.
அதற்குத் தமிழ் தெரியாது.
இலக்கம் கொடுத்தேன்: 11.

வெள்ளி காலை நிஸ்தார்.
"மிஸ், பைல் பழுது. நடுவில ஒண்டுமே இல்ல.
திமிங்கிலம் மௌத்தாப் போச்சா?"

"நிப்பாட்டாதீங்க" என்றேன்,
"ஓடவிட்டுப் பாருங்க.
ஏறிக்கொண்டிருக்கு."